மகனின் தட்டைப்பாதத்துக்கு வேலூரில் செய்த ஆபரேஷன்: 14 மாதம் கழித்து எழுதுகிறேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 12 வருஷமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்றுதான் கண் முதலில் போகும். என் மகனுடைய ஸ்கூல் ஷூவை மட்டும் அவனுக்குப் பத்து வயசு ஆகும்வரை திருப்பிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அன்று பாலிஷ் போட எடுத்தபோதுதான் கவனித்தேன். வலது ஷூவில் குதிகாலின் உள்பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து, பின்னால் குதிகாலைப் பிடிக்கிற விறைப்பான பகுதி உள்ளே மடிந்து கிடந்தது. இடதிலும் அதே சாய்வு, கொஞ்சம் குறைவு. அவன் காலைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். வளைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் காய்த்திருந்தது. விரலால் அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "பி.டி. பீரியட்ல ஓடினா வலிக்கும்மா. உக்காந்தா சரியாயிடும்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன், பதில் இல்லை.

தட்டைப்பாதம் பற்றி விசாரிக்கிற பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரும் டாக்டர் பெயரும் போடவில்லை. பெயரைப் பார்த்துவிட்டு எல்லாக் குழந்தைகளையும் ஆபரேஷனுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால் வேலூரில் ஒரு கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் பாதத்தைப் படம் எடுத்து, 4,800 ரூபாய்க்குக் கெட்டியான பிளாஸ்டிக் இன்சோல் செய்து கொடுத்தார்கள். ஆறு மாசத்தில் வளைவு வந்துவிடும் என்றார்கள். மூன்று வாரம் போட்டான். வலி குறையவில்லை, அதிகமானது. காய்ப்பு இருந்த இடம் சிவந்து புண்ணாகிற மாதிரி ஆகிவிட்டது. பழகினால் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானே இன்சோல் வெட்டிக் கொடுக்கிற கம்பெனியில் இருந்துகொண்டு அதை நம்பினேன் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

அப்புறம்தான் குழந்தைகள் எலும்பு டாக்டர். அவர் பரிசோதித்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் குழந்தையை யாரிடம் காட்டினாலும் இதையெல்லாம் செய்கிறார்களா என்று பாருங்கள்.

எக்ஸ்ரே எழுதுவதற்கு முன்னால் அவனை அரை டிராயரோடு வராந்தாவில் நடக்கவிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கச் சொன்னார். தரையோடு தரையாக இருந்த பாதத்தில் வளைவு எழுந்து வந்தது, வெளியே சாய்ந்திருந்த குதிகாலும் உள்பக்கம் திரும்பியது. இத்தனை வருஷத்தில் அவன் காலில் வளைவை நான் பார்த்தது அப்போதுதான். சாதாரணமாக நிற்கவைத்துக் கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்கினார், அப்போதும் வளைவு வந்தது. "பாருங்கம்மா, எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கலை. வளையற பாதம்தான். இதுல முக்கால்வாசி பேருக்கு வைத்தியமே வேண்டாம்" என்றார். பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டைதான், வளைவு பத்து வயசுக்குள் மெதுவாக வரும், வராவிட்டாலும் வலி இல்லை என்றால் அது நோய் இல்லை என்று விளக்கினார்.

ஆனால் பரிசோதனை அதோடு முடியவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலை நேராகப் பிடித்துக்கொண்டு பாதத்தை மேல்நோக்கித் தள்ளினார். வலது பாதம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதே காலை முழங்காலில் மடக்கித் தள்ளியபோது சுலபமாக மேலே போனது. கெண்டைக்கால் தசை இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். கணுக்கால் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்காததால், நடக்கும்போது அந்த மடிப்பு பாதத்தின் நடுவில் விழுகிறது, அங்கே எலும்பு கீழே இறங்கித் தரையில் அழுந்துகிறது, அதனால்தான் காய்ப்பும் வலியும் என்றார். இறங்குகிற எலும்புக்கு நேர் கீழே கெட்டியான பிளாஸ்டிக்கை வைத்தால் வலி ஏறாமல் என்ன செய்யும்? கடையில் இந்தச் சோதனையை யாரும் செய்யவே இல்லை. மெத்தென்ற இன்சோல் சில குழந்தைகளுக்கு வலியைக் குறைக்கும், ஆனால் எதைப் போட்டாலும் பாதத்தின் அமைப்பு மாறாது என்றும் சொன்னார். அமெரிக்காவில் சிறு குழந்தைகளை மூன்று வருஷம் கவனித்து 1989-ல் வெளியிட்ட ஆய்வில், விசேஷ ஷூ போட்டவர்களுக்கும் எதுவும் செய்யாமல் விட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

ஷூவால் வந்ததா என்று கேட்டேன். ரெண்டு வயசிலிருந்தே கம்பெனியில் கழித்துப் போடுகிற குட்டி ஷூக்களை வாங்கிவந்து ஆசையாகப் போட்டுவிட்டவள் நான். அவர் மறைக்கவில்லை. நம் நாட்டில் 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தை எடுத்துப் பார்த்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், காலணி போடுகிறவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், வெறுங்காலில் நடக்கிறவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போடுகிறவர்களிடம்தான் அதிகம். "அதுக்காக உங்க பையனுக்கு உங்களாலதான் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். வீட்ல வெறுங்கால்ல விடுங்க, அது போதும்" என்றார். நாள் முழுக்க ஷூ தைத்துப் பிழைக்கிற எனக்கு அந்தக் கணக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டரைவிட அவசரப்பட்டது எங்கள் வீட்டில்தான். என் மாமனார் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போகிற ஊர் அது, ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். மாமனாரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். தட்டைப்பாதம் என்றால் செலக்‌ஷனில் கழித்துவிடுவார்கள் என்று அவருக்குக் கவலை. டாக்டரிடமே கேட்டுவிட்டார். "ஐயா, பட்டாளத்துக்காக நான் கத்தி வைக்க மாட்டேன். வலி போகலைன்னா மட்டும்தான்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

எட்டு மாசம் கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி கொடுத்தார்கள். சுவரில் கையை ஊன்றி, பின்னங்காலை நீட்டி, பாதம் வெளிப்பக்கம் திரும்பாமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் நிற்க வேண்டும். தினமும் காலையிலும் ராத்திரியிலும் கூட நின்று செய்யவைத்தோம். இடது கால் நன்றாகத் தளர்ந்தது. வலதில் வலி குறையவே இல்லை. அதற்கு அப்புறம்தான் தேதி கொடுத்தார்.

நடுவில் இன்னொரு இடத்திலும் கேட்டோம். கணுக்காலுக்குக் கீழே இருக்கிற குழியில் சின்னத் திருகு மாதிரி ஒன்றை வைத்துவிடலாம், சீக்கிரம் நடக்கலாம் என்றார்கள். அப்படி ஒரு முறை உண்மையாகவே இருக்கிறது, வளரும் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். எங்கள் டாக்டர் அதைக் குறை சொல்லவில்லை. சிலருக்கு அந்த இடத்திலேயே வலி வந்து திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், உங்கள் பையனுக்கு எலும்பு விலகியிருக்கிற அளவுக்குத் தனக்கு அது சரியாகப் படவில்லை என்றார். மூட்டுகளை ஒட்டவைத்துவிடுவதைப் பற்றி நானே கேட்டேன். வளர்கிற பிள்ளைக்குப் பாதம் விறைத்துப்போகும், பிற்காலத்தில் பக்கத்து மூட்டுகள் தேயும், அது வேண்டாம் என்றார்.

அவனுக்குச் செய்தது குதிகால் எலும்பை நீட்டுகிற ஆபரேஷன். எவான்ஸ் என்ற டாக்டர் 1975-ல் எழுதியது, 1995-ல் மோஸ்கா என்பவர் திருத்தி விரிவாக்கியதாம். பாதத்தின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதால் முன்பாதம் வெளியே திரும்பிக்கொள்கிறது என்று எங்கள் டாக்டர் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் வேலையில் அப்பரின் வெளிப்பக்கத் துண்டு கொஞ்சம் குறைவாக வெட்டுப்பட்டால், லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சில் ஏற்றும்போது முன்பக்கம் முழுக்க அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு தட்டினாலும் நேராகாது, குறைந்த இடத்தில் துண்டு சேர்த்தால்தான் உண்டு. இதுவும் அதேதான். குதிகால் எலும்பின் முன்பகுதியை வெட்டி, இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த ஆப்பு போன்ற துண்டை நடுவில் வைத்தார்கள். வெளிப்பக்கம் நீண்டது, உள்ளே வளைவு எழுந்தது. மூட்டு எதையும் ஒட்டவைக்கவில்லை. குதிகாலின் வளர்ச்சிப் பகுதி பின்பக்கம் இருப்பதால், வெட்டுகிற இடம் அதைத் தொடாது. கெண்டைக்கால் தசையையும் அதே மயக்கத்தில் தளர்த்திவிட்டார்கள்.

மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தோம். நர்ஸம்மாக்கள் தங்கமானவர்கள். முதல் இரண்டு நாள் பாதத்தைவிட இடுப்பில்தான் வலி என்று அழுதான். எலும்பு எடுத்த இடம் இப்படி வலிக்கும் என்று முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனும் பயந்திருக்க மாட்டான், நானும் பயந்திருக்க மாட்டேன்.

எனக்கு இருக்கிற பெரிய குறை, வீட்டுக்கு வந்த பிறகு எப்படிச் சமாளிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லாததுதான். எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. எங்கள் வீட்டில் தரையோடு குந்தி உட்கார்கிற கக்கூஸ். முதல் நாளே திணறிப்போய், அவன் அப்பா வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கிவந்தார். ஆபரேஷன் மே முதல் வாரம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கத்து வெயிலில் மாவுக்கட்டுக்குள் கால் எப்படி அரிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒருமுறை ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியப் பார்த்தான், பிடுங்கி வைத்தேன். தோல் கிழிந்தால் உள்ளே புண் வைத்துவிடும். முடி உலர்த்துகிற மெஷினில் குளிர்ந்த காற்றை வைத்து மேலே காட்டினால் கொஞ்சம் அடங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. முடிந்தால் மார்கழியிலோ தையிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கூலுக்கு லீவு போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

பணம்: முதலில் சொன்ன கணக்கு 1,20,000 ரூபாய். எலும்பைப் பிடித்துவைக்கப் போட்ட கம்பியை ஆறாவது வாரம் எடுத்தது, புதுக் கட்டு, எக்ஸ்ரே எல்லாம் அதில் சேரவில்லை. கடைசியில் 1,46,000 ஆனது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினோம். தொடக்கத்திலேயே, "கட்டு அவிழ்க்கிற நாள் வரைக்கும் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு காலைப் பார்த்தால் குச்சி மாதிரி இருந்தது. பிசியோதெரபி, மெதுவாக நடை, ஆறு மாசம் கழித்து விளையாட்டு. பாதத்தின் வெளிப்பக்கத்தில் தழும்புக்குக் கீழே கொஞ்சம் மரத்த மாதிரி இன்னும் இருக்கிறது. போகப்போகக் குறையும் என்கிறார்கள், பார்க்கலாம். காய்ப்பு இருந்த இடம் இப்போது மெத்தென்று இருக்கிறது. வேலூர்க் கோட்டையை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து வலி என்று சொல்லவில்லை.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. ஆபரேஷனுக்கும் அதே மார்க். வீட்டுப் பராமரிப்பு பற்றிய விளக்கத்துக்கும் பில் கணக்குக்கும் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

ஜூன் மாசம் புது ஸ்கூல் ஷூ வாங்கும்போது, ஒரு வருஷம் போட்ட பழையதை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். வலது குதிகால் பின்பக்கத்தில் வெளி ஓரமாகத் தேய்ந்திருக்கிறது, நல்ல கால் தேய்க்கிற இடத்தில். இடது இன்னும் உள்பக்கமாகத்தான் தேய்கிறது. அதில் வலி இல்லை, அதைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரைப் பிடித்து நிற்கிற பயிற்சி மட்டும் தினமும் நடக்கிறது. அடுத்த செக்கப் தீபாவளி கழித்து.