போலோவுக்குக் காயில்ஓவரா, நல்ல ஷாக் அப்சார்பரா?

ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டியின் சஸ்பென்ஷன் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 70,000 கிலோமீட்டர் ஓடிய என் ஃபோக்ஸ்வாகன் போலோ காரில் அப்படித்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடம்பு ஒரு பக்கம் சாயும், அந்தச் சாய்வு அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதே மாடல் வைத்திருக்கும் நண்பனுக்கும் அதே குறை. அவன் காயில்ஓவர் போட்டான், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட். நான் முதலில் வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டேன், பிறகு அதைக் கழற்றிவிட்டு நல்ல ஷாக் அப்சார்பர் போட்டேன். மூன்று வருடமாக இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். நம் கைக்குத் தெரிகிற நிதானம் பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் வேலை. ஆனால் எல்லோரும் பணம் போடுவது உயரத்தைக் குறைப்பதில். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

லோயரிங் ஸ்பிரிங் இருப்பதிலேயே மலிவான வழி. நாலு ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி 30 மி.மீ. இறங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் அந்தப் பழைய மென்மையான ஸ்பிரிங்குக்காகச் செய்தது. புது ஸ்பிரிங் வேகமாக எகிறித் திரும்பும்போது அதை அடக்க அதற்குப் போதாது. அதோடு, வண்டி தாழ்ந்துவிட்டதால் பிஸ்டன் எப்போதும் கீழ்ப்பாதியிலேயே வேலை செய்யும், முழுதும் அமுங்கிவிடாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பர் பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதில் போய் இடிக்கும். எனக்கு ஒரே வருடத்தில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்துவிட்டன. ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றத் தயாராக இல்லாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

தாழ்த்தினாலே வளைவில் பிடிமானம் கூடும் என்பதும் பாதி உண்மைதான். போலோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு. வண்டியை இறக்கும்போது, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே போகிறது. அதனால் ரோல் சென்டர் என்று சொல்கிற, உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடினால் சாய வைக்கும் நெம்புகோல் நீள்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கைக் கடினமாக்காமல் வெறுமனே தாழ்த்தினால் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணமும் அதைத் திருப்பும் டை ராடின் கோணமும் மாறும், பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

அப்புறம் நம் ஸ்பீடு பிரேக்கர்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஒரு ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவாக இருக்க வேண்டும். போலோவின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், சுமார் 2.46 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வளைவின் உச்சி இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நாலரை செ.மீ. அளவுக்குத்தான் மேலே வரும். விதிப்படி கட்டினால் தாழ்த்திய வண்டிகூடத் தட்டாமல் ஏறி இறங்கிவிடும். ஆனால் நம் தெருக்களில் பாதி இடத்தில் ஓர் அடி, ஒன்றரை அடி அகலத்துக்குத் தாரைக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு நேராக வரும். போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. அதில் 30 போனால் 135. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் அதுவும் குறையும்.

சரி, காயில்ஓவர். ஸ்பிரிங் தாங்கும் வளையம் மரையில் ஏறி இறங்கும் என்பதுதான் அதன் அடிப்படை. போலோவில் முன்பக்கம் மட்டும்தான் அது முழு அர்த்தத்தில் காயில்ஓவர். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம் இருப்பதால் ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் அப்சார்பர் ஓரிடம். பின்பக்க உயரத்தை மாற்ற ஸ்பிரிங்குக்கு அடியில் தனியாக ஒரு மரை போட்ட வளையம் வரும்.

எல்லாக் காயில்ஓவரும் ஒன்றல்ல. பில்ஸ்டீன் பி14, கேடபிள்யூ வேரியன்ட் 1 போன்றவற்றில் உயரத்தை மட்டும் மாற்றலாம். ஷாக் அப்சார்பரின் கடினத்தை அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ப அவர்களே நிர்ணயித்து அனுப்புவார்கள். வேரியன்ட் 2-இல் ரீபவுண்டை, அதாவது ஷாக் அப்சார்பர் நீளும்போது உள்ள கடினத்தை மாற்றலாம், வேரியன்ட் 3-இல் கம்ப்ரெஷனையும், அதாவது அமுங்கும்போது உள்ள கடினத்தையும் தனியாக மாற்றலாம். பில்ஸ்டீன் பி16-இல் 10 நிலை. பிசி ரேசிங் பிஆர் வரிசையில் கடினத்தை மாற்றும் திருகுக்கு 30 கிளிக். எண்ணிக்கை கூடக் கூட நல்லது என்று தோன்றும், ஆனால் 30 கிளிக்கில் நம் சாலைக்கு உதவுவது நடுவில் உள்ள ஏழெட்டுதான். நண்பன் வண்டியில் கடினப் பக்கத்தின் கடைசிப் பத்துக் கிளிக்கைத் தொட்டால் பொள்ளாச்சிச் சாலையில் சக்கரம் தரையில் பதியாமல் துள்ளும்.

இந்த வகையில் நான் முதலில் பார்ப்பது ஸ்பிரிங்கின் எண். 6 கிலோ என்று எழுதியிருந்தால், அந்த ஸ்பிரிங் மேல் 60 கிலோ ஏற்றினால் 10 மி.மீ. அமுங்கும் என்று பொருள். கம்பெனி ஸ்பிரிங்கைவிட இரண்டு மடங்கு கடினமாகப் போட்டால் வண்டியின் ஆட்டம் 1.4 மடங்கு வேகமாகும். பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் அது தெரிந்துவிடும். ஸ்பிரிங் எண்ணைச் சொல்லாமல் கிளிக் எண்ணை மட்டும் சொல்லி விற்கிற செட்டை நான் வாங்க மாட்டேன்.

காயில்ஓவரின் பலம் என்ன என்றால், நேர்த்தியாக உட்கார்ந்துவிட்டால் அதற்கு நிகர் கிடையாது. மாட்டிய புதிதில் நண்பன் வண்டி அப்படி இல்லை. வலது வளைவில் ஒட்டிக்கொண்டு போகும், இடது வளைவில் வெளியே நழுவும். வண்டியைக் கொடுத்த கடையில் அலைன்மென்ட் கோளாறு என்று சொல்லி மூன்று முறை அலைன்மென்ட் செய்தார்கள். கடைசியில் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணன்தான் பானெட்டைத் திறந்து, "எத்தனை கிளிக்னு ரெண்டு பக்கமும் எண்ணிப் பாருங்க தம்பி" என்றார். முழு ஹார்டுக்குத் திருகிவிட்டு விரலால் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணினோம். டிக், டிக் என்று விரல் நுனியில் படும். இடது பக்கம் 12, வலது பக்கம் 19. மாட்டியவர்கள் சரிபார்க்கவே இல்லை. இரண்டையும் 15-இல் வைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறை ஏறியபோது ஒரே வண்டிதானா என்று இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்புகிறது, சாய்வு ஒரே மூச்சில் வந்து நிற்கிறது, சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது உள்ளங்கையில் தெரிகிறது. மனதார எனக்குப் பிடித்தது.

ஆனால் அந்த நிலையில் வைத்திருப்பது ஒரு வேலை. மழைக்காலம் முடிந்தபின் மரையில் சேறு காய்ந்து இறுகியிருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, அரை மணி ஊறவிட்டால்தான் வளையத்தைத் திருப்பும் சி ஸ்பேனர் திரும்பும். சென்னையில் கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றால் இன்னும் கஷ்டம். ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் டாப் மவுண்ட் பில்லோபால் வகையாக உள்ள செட்டில் ரப்பர் இல்லாததால் ஒவ்வொரு கல்லும் டக் டக் என்று உள்ளே கேட்கும். நல்ல செட் ஒன்றின் விலைக்கு ஒரு புது ஸ்கூட்டர் எடுத்துவிடலாம்.

இதற்கு எதிரே நான் தேர்ந்தெடுத்த ஷாக் அப்சார்பர் கோனி எஃப்எஸ்டி, இப்போது ஸ்பெஷல் ஆக்டிவ் என்ற பெயரில் வருவது. ஸ்பிரிங் கம்பெனியுடையதே, உயரமும் மாறவில்லை. உள்ளே ஒரு கூடுதல் வால்வு இருக்கிறது. சக்கரம் சின்னக் கல், ஒட்டுப்போட்ட தார் இவற்றில் படபடவென்று ஆடும்போது எண்ணெய்க்கு இன்னொரு வழி திறந்திருக்கும், அதனால் மென்மை. வளைவில் உடம்பு மெதுவாக, நீளமாக அசையும்போது அந்த வழி மூடிக்கொள்ளும், அதனால் கடினம். திருகுவதற்கு ஒன்றுமே இல்லை. பில்ஸ்டீன் பி6-ஐயும் ஓட்டிப் பார்த்தேன். அது மோனோட்யூப், அதாவது ஒற்றைக் குழாய், எண்ணெயும் வாயுவும் மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருப்பதால் நீண்ட இறக்கத்திலும் நுரைக்காமல் நிற்கும். நெடுஞ்சாலையில் கோனியைவிட உறுதி, ஊருக்குள் கொஞ்சம் முரடு. தாழ்த்திய வண்டிக்கு என்றால் அதே வரிசையில் நீளம் குறைந்த பி8 இருக்கிறது.

வளைவில் நண்பன் வண்டிதான் கூர்மை, சந்தேகமே இல்லை. கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ வருடத்துக்கு நாலு நாள் ஓட்டுபவர், நோட்டுப் புத்தகத்தில் கிளிக் குறித்து வைப்பவர் என்றால் காயில்ஓவரையே எடுங்கள், அதிலும் ரீபவுண்டை மாற்றக்கூடியதை. ஆனால் வளைவின் நடுவே தார் உடைந்து கிடக்கும் இடங்களில் என் வண்டி தடம் மாறாமல் போகிறது, அவன் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டியிருக்கிறது. நம் மலைச் சாலைகளில் அப்படிப்பட்ட வளைவுதான் பாதி. தினமும் அலுவலகம், மாதம் ஒரு மலை என்று ஓட்டுபவருக்கு உயரத்தை மாற்றாத நல்ல ஷாக் அப்சார்பர்தான் என் பரிந்துரை. பணம் இடித்தால் கம்பெனி ஷாக் அப்சார்பரையே புதிதாக, டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப்பர், லிங்க் ராட் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். அதுவே பாதி தூரம் கொண்டுபோய் விடும்.

எதைப் போட்டாலும் லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று எடை முழுதும் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட்டை மாட்டிய அன்றைக்கு ஒரு முறையும், ஸ்பிரிங் படிந்தபின் 500 கிலோமீட்டரில் இன்னொரு முறையும் பாருங்கள். உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் சாய்வையும் சரிசெய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் தாழ்த்துவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வண்டியை விற்கும்போது அவை வேண்டியிருக்கும்.