டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25 மி.கி. மாத்திரை: ஒரு பயனாளியின் மதிப்பீடு

நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்காக மருத்துவரின் பரிந்துரைப்படி சில ஆண்டுகளாக இம்மாத்திரையை எடுத்து வருகிறேன். வைரஸைக் கட்டுப்படுத்தும் வேலையில் இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ‘இத்தனை நாள் சாப்பிட்டும் நோய் போகவில்லையே’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது, இந்த மருந்தின் வேலை எதுவரை என்பதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் பொருளைப் பற்றி. நான் வாங்குவது முப்பது மாத்திரைகள் கொண்ட பிளாஸ்டிக் டப்பா. ஈரத்தை உறிஞ்சும் சிறு உருளை ஒன்றும் உள்ளே கிடக்கும், அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. மாத்திரை சிறியது, உணவோடு தினம் ஒன்று. பழைய டெனோஃபோவிர் 300 மி.கி. சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிப்பதுண்டு. 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இப்புதிய வடிவம் பெரும்பாலும் கல்லீரல் அணுவுக்குள் போன பிறகே செயல்படும் மருந்தாக மாறுவதால், இரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை விட்டுவிட முடியாது.

இனி, மாத்திரையால் முடியாதது. பெரியவர்களாகி இத்தொற்றைப் பெறுபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே இது நிலைத்துவிடுகிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து பெறும் குழந்தைகளிலோ ஏறக்குறைய தொண்ணூறு பேரிடம் தங்கிவிடுகிறது. தொற்றுள்ள கல்லீரல், முழு வைரஸ் ஒன்றுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை, உள்ளே மரபுப்பொருள் இல்லாத, வைரஸின் மேற்பரப்புப் புரதத்தாலான வெற்றுத் துகள்களை இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த வைரஸை அடையாளம் கண்டு தாக்க வேண்டிய டி அணுக்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை), ஓயாமல் எதிரியையே பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோகின்றன: பெருகும் திறன் குறைகிறது, தொற்றுள்ள அணுவைக் கொல்லும் வேகம் குறைகிறது, வைரஸை ஒடுக்க உதவும் இன்டர்ஃபெரான் காமா போன்ற சுரப்புகளும் படிப்படியாகக் குறைகின்றன. அவற்றின் மேல் பிடி-1 என்ற புரதம் மிகுந்து நின்று, பிரேக்கை மிதித்தபடியே வைத்திருக்கிறது. 1992-இல் ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்த இப்புரதத்தை மறித்தால் சோர்ந்த டி அணுக்கள் ஓரளவு மீள்கின்றன என்பதை, ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதின் ஆய்வகம் 2006-இல் நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் காட்டியது.

டெனோஃபோவிர் வைரஸ் தன்னைப் பிரதியெடுப்பதைத்தான் தடுக்கிறது. கல்லீரல் அணுவின் உட்கருவில் வளையமாகத் தங்கியிருக்கும் வைரஸ் டிஎன்ஏவை அது தொடுவதில்லை. அங்கிருந்து மேற்பரப்புப் புரதம் தொடர்ந்து உற்பத்தியாவதால், டி அணுக்களின் சோர்வு கொஞ்சம் தணிகிறதே தவிர முழுதும் தீர்வதில்லை. என் பரிசோதனை அறிக்கையிலும் இதுவே தெரிகிறது: வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸின் அளவு) ‘கண்டறியப்படவில்லை’, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி இயல்பு, எச்பிஎஸ்ஏஜி எனப்படும் அந்த மேற்பரப்புப் புரதம் மட்டும் இன்னும் ‘பாசிட்டிவ்’. இம்மருந்து வகையில் அந்தப் புரதம் மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆகவே அது மாத்திரையின் தோல்வி அன்று. சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) கல்லீரல் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைப்பதே இதன் பெரும் பயன்.

மருந்துக்கடைகளில் இதனோடு சேர்த்து ‘எதிர்ப்பு சக்தி’ டானிக் ஒன்றையும் நீட்டுகிறார்கள். சோர்ந்திருப்பவை முக்கியமாக இவ்வைரஸுக்கென்றே உள்ள அணுக்கள்; உடலின் பொது எதிர்ப்புத்திறன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்போது, டானிக்குக்கு அங்கே வேலையே இல்லை. கீழாநெல்லியின் கதை வேறு. 1988-இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு, மேற்பரப்புப் புரதம் பலருக்கு மறைந்ததாகச் சொல்லிப் பெரும் நம்பிக்கை ஊட்டியது. பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து, ஏனெனில் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும்.

நான் கொடுப்பது ஐந்துக்கு நான்கு. கழித்த ஒன்று, டப்பாவோடு வரும் தாளுக்கு: பக்க விளைவுகளைப் பொடி எழுத்தில் அடுக்கும் அது, எவ்வளவு காலம் எடுக்க வேண்டியிருக்கும், ஏன் என்பதைப் பற்றி நோயாளிக்குப் புரியும்படி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கட்டுப்படியாகாதவர்கள், 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை மையம் எங்கே உள்ளது என்று அரசு மருத்துவமனையில் கேட்கலாம். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.