சுற்றுச்சுவருக்கு வெப்பக் கேமராவா, வண்ணக் கேமராவா?

விமான நிலையத்தின் நீண்ட சுற்றுச்சுவரைக் கண்காணிக்க இவ்விரண்டில் எதை நம்புவது என்ற கேள்விக்கு இரவுதான் முதல் விடை தருகிறது. விமானிகளின் கண் கூசும் என்பதால் ஓடுபாதையையொட்டி விளக்குகளை விருப்பம்போல் பொருத்த முடியாது. அந்த இருட்டிலும், உடல் வெளியிடும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டே, புல்தரையில் தவழ்ந்து வருபவரை வெப்பக் கேமரா வெண்ணிற உருவமாகக் காட்டிவிடும். ஆனால் அவர் யார் என்று அது சொல்லாது. முகமும் வண்டியின் பதிவெண்ணும் வண்ணக் கேமராவில்தான் தெரியும். மீனம்பாக்கத்துக் கோடையில், தரையும் உடலளவுக்குச் சூடேறும் வேளைகளில், வெப்பக் கேமராவும் தடுமாறக்கூடும். சாதாரணக் கண்ணாடி அக்கதிர்களைத் தடுப்பதால் அதற்கு ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான வில்லை (லென்ஸ்) தேவைப்படுகிறது; விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். முனையத்துக்குள் வண்ணக் கேமராவே போதும். சுவரோரத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் வெப்பக் கேமராவையே தேர்ந்தெடுப்பேன். ஆளை அடையாளம் காண்பதை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் ரோந்து வாகனம் பார்த்துக்கொள்ளலாம்.