ஆயிரம் படிகளா, தேவைக்கேற்ற அச்சா?

சிற்றூரிலிருந்து கதை, கவிதை, கிராமத்து நினைவுக்குறிப்பு ஆகியவற்றை வெளியிடும் சிறுபதிப்பாளருக்கு இன்று இரு வழிகள் உண்டு: ஆஃப்செட் முறையில் மொத்தமாக அச்சிடுவது, டிஜிட்டல் முறையில் தேவைப்படும்போது தேவையான படிகளை (பிரதிகளை) மட்டும் அச்சிடுவது. ஆஃப்செட்டில் பக்கங்களை அச்சிடுவதற்கான தகடு செய்யும் செலவு 300 படிகளுக்கும் 1,000 படிகளுக்கும் ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக்கூடப் படியொன்றின் அடக்கவிலை இறங்கும். ஆனால் அச்சுக்கூலியை முன்னதாகவே கட்டிவிட்டு, பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையையும் சனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சியையும் எதிர்பார்த்து, கட்டுகளை வீட்டுப் பரணில் (கரையானுக்கும் அதில் பங்குண்டு) அடுக்கிவைக்க வேண்டும். தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறையில் 30 படிகள்கூடப் போதும். போட்ட முதல் முடங்காது, பிழைகளையும் அடுத்த அச்சில் திருத்திக்கொள்ளலாம், அடக்கவிலைதான் கூடுதல். கவிதைத் தொகுப்புக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். வட்டார வழக்கில் எழுதப்பட்டு ஊர்க்காரர்களே வாங்கக்கூடிய தடித்த நினைவுக்குறிப்பு நூலுக்கோ, முன்பதிவு போதிய அளவு சேர்ந்திருந்தால், ஆஃப்செட்டே கட்டுப்படியாகும்.