சீசன் நேரத்து விடுப்பும் ஒரு பணி அட்டவணைச் செயலியும்

கடையில் கூட்டம் பெருகும் வாரங்களும் ஊழியர்கள் விடுப்புக் கேட்கும் வாரங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வாங்க வருபவர் வீட்டில் நடக்கும் பண்டிகையும் திருமணமும்தானே கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் வீட்டிலும் நடக்கின்றன! இந்தச் சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் செயலிகளில் ஒன்றை, பணி அட்டவணை போடும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் ஒரு முழு சீசனுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். சந்தாவைப் புதுப்பிக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதன் தானியங்கி ஒப்புதலை அணைத்து வைத்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகவும், துண்டுச்சீட்டிலும், வாட்ஸ்அப்பிலுமாகச் சிதறி வந்த கோரிக்கைகள் இப்போது தேதியும் நேரமும் பதிந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. எந்த நாளில் இடம் இருக்கிறது, எது நிரம்பிவிட்டது, எந்த நாளில் யாருக்குமே விடுப்பு இல்லை என்பது கேட்பதற்கு முன்பே ஊழியருக்குத் தெரிந்துவிடுவதால் பாதி மனத்தாங்கல் அங்கேயே குறைகிறது. மறுக்கும்போது காரணத்தை எழுதாமல் மேலாளரால் அடுத்த திரைக்குப் போக முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் வசதியும் அருமை. சீசனில் வரும் பல கோரிக்கைகளுக்கு உண்மையில் முழு நாள் தேவையில்லை, ஒரு மாலை நேரம் கிடைத்தாலே போதும். அதை இருவர் தமக்குள் பேசி முடித்துக்கொண்டால் மேலாளர் ஒப்புதல் தருவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

குறை எங்கே என்றால், செயலி தலைகளை மட்டுமே எண்ணுகிறது. பத்துப் பேரில் எட்டுப் பேர் இருந்தால் போதும் என்று அமைத்தால், இருவருக்கு உடனே பச்சை விளக்கு எரிகிறது. அந்த இருவர் மட்டுமே திரும்ப வரும் சரக்குக்குப் பணம் கொடுக்கும் முறை தெரிந்தவர்கள் என்பது அதற்குத் தெரியாது. நெரிசல் மாலையில்தான் என்றாலும் கணக்கை முழு நாளுக்கும் போடுவதால், வேலை குறைந்த காலை நேரத்துக்கு மட்டும் அனுமதி கேட்பவருக்கும் 'இடமில்லை' என்றே பதில் வருகிறது.

முந்தி வருபவருக்கே முதலிடம் என்ற விதி இதைவிடப் பெரிய குறை. விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் கைப்பேசியைக் கையில் வைத்திருப்பவர் விடுப்பைப் பெறுகிறார். கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு விற்பனைத் தளத்தில் நிற்பவர் பின்தங்குகிறார். சென்ற ஆண்டு பண்டிகையன்று வேலை செய்தவர் யார் என்ற விவரம் அதே செயலியில் இருந்தும் அது கணக்கில் வருவதில்லை. எனவே ஒரு கடைசித் தேதி வைத்து, அதற்குள் வந்த எல்லாக் கோரிக்கைகளையும் சமமாகக் கருதி, பழைய பதிவைத் தரவிறக்கிப் பார்த்து நானே முடிவு செய்கிறேன். இதற்குத்தானா சந்தா கட்டினோம் என்று சில சமயம் தோன்றத்தான் செய்கிறது.

ஒவ்வொரு கோரிக்கையின் பக்கத்திலும் பிராட்ஃபோர்டு மதிப்பெண் காட்டப்படுவது தேவையற்றது. 52 வாரங்களில் எத்தனை தடவை வரவில்லை என்பதன் வர்க்கத்தை, வராத மொத்த நாள்களால் பெருக்கி வரும் எண் அது: தொடர்ந்து 10 நாள் வராதவருக்கு 10, ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை வராதவருக்கு 1000. சொல்லாமல் வராமலிருப்பவர்களைக் கவனிக்க அது உதவலாம். முறையாக முன்கூட்டியே கேட்பவரை அதைக் கொண்டு எடைபோடுவது நியாயமில்லை. அமைப்புகளுக்குள் போனால் அதை மறைத்துவிடலாம்.

ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை செய்யும் கடைக்குச் சுவர்க் காலண்டரே போதும். பல பிரிவுகளும் பல ஷிப்டுகளும் உள்ள கடைக்காரர்கள் வாங்குவதற்கு முன், சென்ற சீசனில் வந்த கோரிக்கைகளைச் சோதனைக் காலத்திலேயே ஏற்றிப் பார்த்து, பில்லிங், ஸ்டாக் எனத் திறன் வாரியாகவும் மணி வாரியாகவும் ஆள்கணக்கு வைக்க முடிகிறதா என்று விற்பவரிடம் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.