ஒரே புகைப்படத்தை 360 பாகைக் காட்சியாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை: எங்களுக்குப் போனது 48,500 ரூபாய்

ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பில் இருந்த எங்கள் பழைய ஓட்டுச் சாளையை (தோட்டத்து வீட்டை) செப்பனிட்டுப் பண்ணை விடுதியாக நடத்தி வருகிறோம். கோவையில் ஒரு சுற்றுலாக் கண்காட்சியில் கடை எடுத்தபோது, வருகிறவர்களின் தலையில் விஆர் ஹெட்செட்டை (கண்ணை மூடி மாட்டும் மெய்நிகர் காட்சிக் கருவியை) மாட்டி எங்கள் வாசலிலேயே நிற்பதுபோல் காட்டலாம் என்று தம்பி மகன் யோசனை சொன்னான். அதற்காக, சாதாரணப் புகைப்படங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் சுற்றிலும் திரும்பிப் பார்க்கக்கூடிய மெய்நிகர் பின்னணிகளாக மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு ஸ்டூடியோவிடம் 48,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, இப்போது வயிறு எரிந்துகொண்டிருக்கிறோம். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். இந்த வேலையைக் கொடுப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

அவர்களை நம்பியது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்துக்கு அழைத்து, காபி கொடுத்து உட்கார வைத்து, ஹெட்செட்டை மாட்டி ஒரு மலைக்காட்சியைக் காட்டினார்கள். முன்னால் தேயிலைச் சரிவு, பின்னால் திரும்பினால் மண்பாதை, அண்ணாந்தால் மேகம்; எங்கும் ஒட்டுப்போட்ட தடம் இல்லை. குனிந்து பார்த்தால் மட்டும் காலடியில் வட்டமாக அவர்களுடைய முத்திரை இருந்தது. "இதே மாதிரிதாங்க உங்க தோப்பும் வரும். எடத்துக்கு ஒரே ஒரு போட்டோ போதுங்க, பின்னால இருக்கறதை ஏஐ பாத்துக்கும்" என்றார் அங்கே இருந்த இளைஞர். எட்டாயிரம் புள்ளி (பிக்சல்) அகலத்தில், இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படமாக, நான்கு காட்சிகள் தருவதாகப் பேச்சு. முன்பணம் 30,000 ரூபாய் அங்கேயே ஜிபேயில் போனது. மீதி 18,500 ரூபாயைக் கட்டினால்தான் கோப்புகளை அனுப்புவோம் என்றதால், கண்காட்சிக்கு முந்தைய நாள் அதையும் கட்டினோம்.

வந்ததைக் கடையில் முதலில் மாட்டிப் பார்த்தவர் என் பெரியப்பா. "ஏங்கண்ணு, இது நம்ம தோப்புங்களா?" என்று கேட்டுவிட்டு, தலை கிறுகிறுக்கிறதென்று உடனே கழற்றிவிட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. நாங்கள் கொடுத்த படத்தில் இருந்த சாளையின் முகப்பு அப்படியே இருந்தது. அதைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்பினால் தென்னைகள் மெல்ல மெல்லப் பேரீச்சை மரங்களாக மாறின. மாடு கட்டும் கட்டுத்தறி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரர் நாட்டு மரவீடு ஒன்று நின்றது. ஆனைமலைத் தொடர் தெரிய வேண்டிய திசையில் பனி மூடிய சிகரங்கள் எழும்பியிருந்தன. பொள்ளாச்சிப் பக்கம் பனிமலை இருப்பதாகச் சொல்லி விடுதிக்கு ஆள் பிடித்தால் எங்களை என்னவென்று சொல்வார்கள்? முழுவதும் பின்னால் திரும்பினால், படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சேரும் இடத்தில் ஒரு மரம் உச்சி முதல் அடி வரை இரண்டாகப் பிளந்து நின்றது. விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்தவை தமிழ் எழுத்துகளைப் போலத் தோன்றும் ஏதோ கிறுக்கல்கள்.

பக்கத்துக் கடையில் 360 பாகைக் கேமராவோடு வந்திருந்த ஒரு புகைப்படக்காரர்தான் விவரம் சொன்னார். இப்படிப்பட்ட படம் உலக வரைபடத்தைப் போல, உயரத்தைவிட அகலம் சரியாக இரண்டு மடங்காக விரிந்திருக்கும். அதை ஹெட்செட் ஒரு உருண்டையாகச் சுற்றிக் காட்டுகிறது. எங்களுக்கு வந்த கோப்பு 4096க்கு 2048. அந்த 4096 புள்ளிகளும் 360 பாகைக்கும் பரவ வேண்டியிருப்பதால், ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் தொண்ணூறு பாகைக்கு ஏறத்தாழ ஆயிரம் புள்ளிகள்தான் கிடைக்கும். ஒரு கண்ணுக்கே 1832 புள்ளி அகலமுள்ள மெட்டா குவெஸ்ட் 2 போன்ற கருவியில் அது மங்கலாகத்தான் தெரியும். இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தைக் கொடுத்திருந்ததால் ஆழமும் இல்லை. சுவரில் ஒட்டிய படத்துக்குள் நின்றதுபோல் இருந்தது. அடிவானமும் சாய்ந்திருந்தது, பெரியப்பாவின் கிறுகிறுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அவர்கள் காட்டிய மாதிரியின் காலடியில் இருந்த முத்திரையைப் பற்றிச் சொன்னதும் அந்தப் புகைப்படக்காரர் சிரித்துவிட்டார். 360 பாகைக் கேமராவில் எடுத்தால் முக்காலியும் படத்தில் விழும் என்பதால், அதை மறைக்க அங்கே முத்திரை வைப்பது அந்தத் தொழிலில் வழக்கமாம். அதாவது, நேரில் போய்க் கேமராவில் எடுத்த காட்சியைக் காட்டி, இயந்திரம் கற்பனை செய்ததை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கேமராவின் முதுகுப்பக்கம் இருந்ததை அந்த ஏஐ பார்த்ததே இல்லை. பார்க்காததை அது இட்டுக்கட்டத்தான் செய்யும். கற்பனைக் கதைக்கோ விளையாட்டுக்கோ பின்னணி வேண்டுமென்றால் அது போதும்தான், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் இடத்தை எங்கள் இடமாகக் காட்டுவதற்கு 48,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அதையே கொடுத்தது மோசடியல்லாமல் வேறென்ன?

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொதிப்பு. முதலில் எங்கள் ஹெட்செட்டில் கோளாறு என்றார்கள். வேறொரு ஹெட்செட்டில் போட்டுப் பார்த்துச் சொன்னதும், "நீங்க குடுத்த போட்டோவே கம்மி குவாலிட்டிங்க சார்" என்று பழியைத் திருப்பினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து "சூப்பரா இருக்குதுங்க" என்று அவர்களே அனுப்பிய செய்தி இன்னும் என் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பிறகு, "ஏஐ அப்படித்தாங்க பண்ணும், அதை நாம கன்ட்ரோல் பண்ண முடியாதுங்க" என்றார்கள். "ரெண்டர் ஓடிட்டு இருக்குதுங்க" (கணினி படத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது) என்று சில நாள் கடத்திவிட்டு, திருத்திக் கொடுக்கத் தனியாகப் பணம் கேட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பில்லின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் "டிஜிட்டல் பொருள்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்ததைப் படமெடுத்து அனுப்பினார்கள். இப்போது நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. போன் அடித்தால் துண்டிக்கிறார்கள்.

கேட்க வேண்டியவை: மாதிரி காட்டினால் அதன் மூலப் புகைப்படத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் படம் ஒன்றையே மாற்றித் தரச் சொல்லி, ஹெட்செட்டில் முழுதாகத் திரும்பிப் பாருங்கள். உச்சியையும் காலடியையும் விட்டுவிடாதீர்கள். புள்ளி அளவையும் இரு கண்ணுக்கும் தனிப்படம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கோப்பைப் பார்க்காமல் மீதியைக் கட்டாதீர்கள். உண்மையான இடமென்றால் 360 பாகைக் கேமராவோடு ஆளை நேரில் வரச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இன்னும் சொல்ல இருக்கிறது, ஆனால் 48,500 ரூபாய்க்கான ஜிபே ரசீதுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் மனுவோடு இணைக்க இன்று இரவே அச்செடுத்தாக வேண்டும்.