கொரியாவில் மீன் சந்தைக்கு நண்பரோடு போகிறீர்களா? நண்டை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்

சியோலிலோ இன்ச்சோனிலோ வேலைக்கும் படிப்புக்கும் வந்திருப்பவர்களைப் பார்க்க ஒரு நண்பர் வந்தால், ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குத்தான் கூட்டிப்போகத் தோன்றும். சியோலுக்குள் என்றால் நோர்யாங்ஜின் (மெட்ரோ 1-ஆம், 9-ஆம் லைன்), கடற்காற்றும் வேண்டும் என்றால் இன்ச்சோனின் சொரேபோகு (சுஇன்-புந்தாங் லைன்). கீழே தொட்டியில் நீந்துவதைக் காட்டி வாங்கி, மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். போக வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டு முகம் இரண்டு சேர்ந்து நின்றால் குறிவைக்கும் கடைகளும் அங்கே உண்டு. ஏமாந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் ஏமாறுகிறார்கள். கொரிய மொழியில் இதற்குப் பேரே இருக்கிறது: அநியாய விலைக்கு 'பகாஜி', தராசு மோசடிக்கு 'ஜொஉல்-சிகி', பொருளை மாற்றிக் கொடுப்பதற்கு 'பக்வோ-சிகி'.

நம் ஊர் மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அமுக்கி வாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தத் திறமை இங்கே பாதிதான் உதவும். மீன் உயிரோடுதான் இருக்கிறது, புதுசா பழசா என்ற கேள்வியே எழாது. ஏமாற்று நடப்பது எடையிலும், மீன் உங்கள் கண்ணை விட்டுப் போகும் அந்தப் பத்து இருபது நிமிஷத்திலும், மாடிக் கடையின் பில்லிலும்.

முதலில் எண். கொரியர்கள் ஆயிரத்தில் எண்ணுவதில்லை, பத்தாயிரத்தில் எண்ணுவார்கள். பத்தாயிரம் ஒரு 'மான்'. 'சாம்-மான்' என்றால் 30,000. 'சிப்-மான்' என்றால் நம் கணக்கில் சரியாக ஒரு லட்சம். 'இசிப்-சா-மான்' என்று வேகமாகச் சொல்வார்கள், அது 2,40,000. காதில் விழுந்ததை நம்பித் தலையாட்ட வேண்டாம். கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லி, அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட விலை கிலோவுக்கா, ஒரு நண்டுக்கா, தட்டுக்கா என்பதும் அப்போதே தெளிவாக வேண்டும். 'இல் கில்லோ-ஏ ஒல்மா-யெயோ?' என்றால் கிலோ என்ன விலை என்று அர்த்தம்.

இனி எடை. கிங்கிராப் ஒன்று நிஜமாக 2.3 கிலோ இருக்கிறது, கிலோ 80,000 வொன் என்று பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியான தொகை 1,84,000. தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து பிளாஸ்டிக் கூடையில் போட்டு, கூடையோடு தராசில் வைக்கிறார்கள். முள் 3.0 காட்டுகிறது. பில் 2,40,000. கூடையும் தண்ணீரும் சேர்ந்த 700 கிராமுக்கு 56,000 வொன் போய்விட்டது. விலை பேசிக் கிலோவுக்கு 5,000 குறைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறவர்கள், இந்த ஒரு கூடையில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இழக்கிறார்கள். அதனால் விலை பேசுவதில் செலவழிக்கும் நேரத்தைவிட தராசின் முன்னால் நிற்கும் நேரம்தான் பணத்தைக் காப்பாற்றும்.

செய்ய வேண்டியது இது. காலிக் கூடையை முதலில் தராசில் வைக்கச் சொல்லுங்கள். மின்தராசில் 'யோங்கி' என்று எழுதிய பொத்தான் பெரும்பாலும் இருக்கும், பாத்திரத்தின் எடையைக் கழிப்பதற்கானது. அதை அமுக்கினால் கூடை இருக்கும்போதே 0 காட்ட வேண்டும். 'பகுனி பேகோ ஜே ஜுசெயோ', கூடையைக் கழித்து நிறுங்கள், இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். அடுத்தது, நண்டைத் தூக்கி அரை நிமிஷமாவது தண்ணீர் வடிய விடச் சொல்லுங்கள். மூன்றாவது, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். நண்டைத் தராசில் தொப்பென்று போட்டால் எண் ஒரு கணம் எகிறும். அந்த உச்சத்தைப் படித்துச் சொல்லிவிட்டு உடனே கூடையைத் தூக்கிவிடுவது பழைய தந்திரம். முள் தராசில் இது இன்னும் சுலபம்.

தராசு மேலேயே சந்தேகம் இருந்தால் திறக்காத அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அது 510, 520 கிராம் அளவில்தான் இருக்கும். தராசில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் சிரித்துக்கொண்டே வைக்க விடுவார். முகம் மாறினால் 'துல்லொபோகோ ஓல்கெயோ', சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன், என்று சொல்லிவிட்டு நகருங்கள். இது இங்கே மரியாதைக் குறைவான பேச்சு இல்லை, எல்லோரும் சொல்வதுதான்.

நண்டைத் தேர்ந்தெடுக்கும்போது காலின் அடிப்பக்கத்தை, வெளிர் நிறமாக இருக்கும் பக்கத்தை, அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. அமுங்கினால் ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு, உள்ளே பாதி தண்ணீர். எடை காட்டும், வேகவைத்துப் பிரித்தால் நூல் மாதிரி சதை கிடைக்கும். 'இன்றைக்கு மட்டும் பாதி விலை' என்று கூவி விற்பதில் பல இந்த வகை. கிங்கிராபுக்கு வெளியே தெரிவது ஆறு நடக்கும் கால்களும் இரண்டு கொடுக்குகளும், மொத்தம் எட்டு. 'தேகே' என்கிற பனி நண்டுக்கு மொத்தம் பத்து. கால் உடைந்த நண்டு எப்போதும் மலிவு. எனவே எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.

எண்ணியது இன்னொரு காரணத்துக்கும் உதவும். நண்டு வாங்கியதும் கடைக்காரரின் ஆள் ஒருவர் உங்கள் இருவரையும் மாடிக்குக் கூட்டிப்போய், 'நீங்கள் உட்காருங்கள், வேகவைத்துக் கொண்டுவருகிறோம்' என்பார். வேக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில்தான் நீங்கள் காட்டிய நண்டு தொட்டிக்குத் திரும்பி, சோர்ந்துபோன இன்னொன்று சட்டிக்குள் போகிறது. வெந்த பிறகு எல்லா நண்டும் சிவப்புதான். இரண்டு பேர் போவதன் பெரிய லாபம் இங்கேதான். ஒருவர் மாடிக்குப் போய் இடம் பிடிக்கட்டும், மற்றவர் நண்டு சட்டிக்குள் போகும்வரை கூடவே நிற்கட்டும். வாங்கும்போதே முதுகு ஓட்டைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் கரும்புள்ளிகளும் சின்னச் சிப்பிகளும் ஒவ்வொரு நண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. வெந்து வந்த ஓட்டோடு ஒப்பிடலாம்.

வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்களுக்கும் இதே ஆபத்து. 2023-இல் சொரேபோகுவில் உயிரோடு பார்த்து வாங்கிய 'கொக்கே' நண்டு, வீட்டில் பெட்டியைத் திறந்தால் கால் இல்லாத செத்த நண்டாக இருந்த விஷயம் நாடு முழுக்கப் பரவி, அந்த ஜூன் மாதம் சந்தை வியாபாரிகள் கூடித் தரையில் விழுந்து வணங்கி மன்னிப்புக் கேட்டார்கள். தெர்மோகோல் பெட்டியை டேப் ஒட்டுவதற்கு முன் திறந்து பார்ப்பது உங்கள் வேலை. அடியில் கிடப்பதையும் புரட்டிப் பாருங்கள். ஐஸ் போடுவதற்கு முன்பே எடை போடச் சொல்லுங்கள். ஜூன் 21 முதல் ஆகஸ்ட் 20 வரை கொக்கே பிடிக்கத் தடைக்காலம். அந்த நாட்களில் 'இன்றைக்குப் பிடித்த உள்ளூர் நண்டு' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பச்சை மீன் துண்டுகளான 'ஹ்வே' வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு. கிலோ விலை முழு மீனுக்கு, தட்டில் வருவது சதை மட்டும். நம் நாக்கு மீன் போலத் தட்டையான 'குவாங்-ஒ' என்றால் ஏறக்குறைய பாதி தேறும். 'உரொக்' தலை பெருத்த மீன், மூன்றில் ஒரு பங்குதான் தேறும். கிலோ விலை குறைவு என்று உரொக் வாங்கிவிட்டு 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, அதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. இரண்டு பேருக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ குவாங்-ஒ தாராளம். மூன்று கிலோ மீனைக் காட்டி 'பெரிசுதான் ருசி' என்பார்கள். ருசி என்பது உண்மைதான், உங்களால் தின்று தீராது. தட்டில் சதைக்கு அடியில் கண்ணாடி நூல் மாதிரி பரப்பியிருப்பது 'சொன்சாசே', கடற்பாசியில் செய்தது. தட்டை நிறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

மீன் மாற்றுவதும் நடக்கும். விலை கூடிய 'தோம்' மீன் என்று சொல்லி விற்கும் மலிவான 'ஜொம்சொங்-ஒ'வுக்கு வால் தொடங்கும் இடத்தில் கறுப்புப் பொட்டு இருக்கும். இலையுதிர் காலத்தில் உப்பில் சுட்டுத் தரும் இறாலைத் 'தேஹா' என்பார்கள். தேஹா பிடித்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும் இனம். தொட்டியில் துள்ளிக்கொண்டிருந்தால் அது அநேகமாகப் பண்ணையில் வளர்த்த வெள்ளைக்கால் இறால். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தேஹா விலை கொடுக்காதீர்கள். தொட்டியில் ஒட்டியிருக்கும் பிறப்பிடப் பலகையையும் பாருங்கள். 'குங்னேசான்' உள்நாடு, 'இல்போன்சான்' ஜப்பான், 'ஜுங்குக்சான்' சீனா. பலகை வைப்பது சட்டப்படி கட்டாயம்.

பேரம் முடிந்ததும் கடைக்காரர் நாலு சிப்பி, ரெண்டு இறால், ஒரு 'மொங்கே' (பச்சையாகச் சாப்பிடும் கடல் உயிரி) என்று அள்ளிப் போடுவார். 'சொபிசு' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது இலவசம். வராவிட்டால் பில்லில் ஏறும். 'சொபிசு-யெயோ?' என்று கேட்டுவிடுங்கள். மீன் வெட்டும்போது 'சொதோரி', அதாவது தலையும் முள்ளும், கட்டித் தரச் சொல்ல மறக்காதீர்கள். கேட்காவிட்டால் சில கடைகளில் குப்பைக்குப் போய்விடும். அதில்தான் மாடியில் 'மேஉன்தாங்' என்ற காரக் குழம்பு வைப்பார்கள். நம் நாக்குக்கு அந்த நாளில் மிகவும் பிடிக்கப்போவது அதுதான்.

மாடிக் கடையில் மீன் அவர்களுடையது இல்லை, அதனால் இடத்துக்கும் தொடுகறிக்கும் தனிக் கட்டணம். 'சாங்சாரிம்-பி' தலைக்கு 5,000 வொன் அளவில் இருக்கும். பச்சை மீன் சாப்பிடாத நண்பர் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் அவர் தலைக்கும் விழும். வேகவைக்கும் கூலி கிலோ கணக்கு, குழம்புக்குத் தனி, நண்டு ஓட்டில் வறுத்துத் தரும் சோற்றுக்குத் தனி, சோஜு என்ற மதுவுக்குத் தனி. மேலே சொன்ன கிங்கிராபையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு இடக் கட்டணம் 10,000, கிலோவுக்கு 6,000 வீதம் வேகவைக்க 18,000, குழம்பு 15,000, சோறு 6,000, ஒரு சோஜு 5,000. மொத்தம் 54,000. கீழே எடையில் ஏறிய 700 கிராம் இங்கே வேகவைக்கும் கூலியிலும் இன்னொரு முறை ஏறியிருப்பதைக் கவனியுங்கள். உட்காரும் முன் சுவரிலிருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்து, 'தா ஹேசொ ஒல்மா-யெயோ?', எல்லாம் சேர்த்து எவ்வளவு, என்று கேளுங்கள். கடைக்காரர் கூட்டிப்போகும் மாடிக் கடைக்கே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பணம் கொடுக்கும் இடம் முக்கியம். கார்டு வாங்க மறுப்பதும், கார்டு என்றால் கூடுதல் விலை சொல்வதும், கார்டு ஏற்கும் கடைக்குச் சட்டப்படி தடை. ரொக்கம் மட்டும், அல்லது வங்கிக் கணக்குக்கு அனுப்பு என்று வற்புறுத்தும் கடையில் பின்னால் புகார் சொல்ல உங்கள் கையில் எதுவும் இருக்காது. ரொக்கம்தான் என்றால் 'ஹ்யொங்கும் யொங்சுஜுங்' என்ற ரொக்க ரசீது கேட்டு உங்கள் போன் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். சம்பளக்காரர்களுக்கு வருடக் கடைசி வரிக் கணக்கில் அது கழிவாகவும் வரும்.

மீனோடு முடிவதில்லை இது. சியோலின் குவாங்ஜாங் சந்தையில் 2023 நவம்பரில் 15,000 வொன்னுக்குப் பத்துச் சின்னத் துண்டு அளவில் 'ஜோன்' (மாவில் தோய்த்துச் சுட்டது) வைத்த தட்டு பெரிய பிரச்சினையாகி, வியாபாரிகள் சங்கமே அந்தக் கடையைப் பத்து நாள் மூட வைத்தது. அங்கே உட்காரும் முன் விலையோடு அளவையும் கேளுங்கள். டாக்சி என்றால் செயலியில் கூப்பிடுங்கள். சந்தை வாசலில் நின்று கூப்பிடும் பெரிய வேன்களில் ஏறாதீர்கள்.

ஏமாந்துவிட்டது தெரிந்தால் அங்கேயே நின்று பேசுங்கள், வீட்டுக்கு வந்து பேசினால் நடக்காது. ரசீது, கால்குலேட்டர் திரை, தராசு, நண்டின் ஓடு, கடை எண் எழுதிய பலகை, இந்த ஐந்தின் போட்டோவும் இருந்தால் சந்தை நிர்வாக அலுவலகத்துக்கு நேரே போங்கள். இடம் தெரியாவிட்டால் 'குவான்லி சாமுசில்' என்று காவலாளியிடம் கேட்டால் காட்டுவார். பெரும்பாலும் அங்கேயே பணம் திரும்பும், ஏனென்றால் கடை எண் பதிவாவதைக் கடைக்காரர் விரும்பமாட்டார். மொழி தடையானால் சுற்றுலா உதவி எண்ணான 1330-ஐக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசி, போனைக் கடைக்காரரிடம் கொடுங்கள், மொழிபெயர்த்துச் சொல்வார்கள். சியோல் நகராட்சிக்கு 120. நுகர்வோர் புகாருக்கு 1372, அங்கே கொரிய மொழி பேசும் ஒருவர் கூட இருப்பது நல்லது. வெளிநாட்டவர்களுக்கான உதவி எண் 1345-இல் தமிழ் இல்லை. ஆங்கிலமும் சிங்களமும் உண்டு, இலங்கையிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.